புளியங்கொட்டையும் முட்டை அட்டையும் போதும்: யு.கே.ஜி. கணக்கு

மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் திண்ணையில் புளி தட்டும் சத்தம் கேட்கும். அப்போது ஒரு படி கொட்டையை வாங்கிக் காயவைத்துக்கொண்டால், ஜூனில் திறக்கும் யு.கே.ஜி. வகுப்புக்கு ஒரு வருடத்துக்கான கணக்குச் சாமான் தயார். கூடவே சத்துணவுக் கூடத்தில் முட்டை வந்திறங்கும் அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

விலையில்லாமல் கிடைப்பதற்காக மட்டும் இவற்றைச் சொல்லவில்லை. நோட்டில் எழுதும் கணக்கில் தப்பைக் காட்டுவது டீச்சரின் சிவப்பு மை. குழிக்கு ஒரு கொட்டையாகப் போடும் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தால், பிள்ளைக்கே தெரிந்துவிடும். யாரும் சொல்லாமல் தானே கண்ட தப்பைப் பிள்ளை தானே திருத்தப் பார்க்கும். விடாமல் முயலும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. "முயற்சி செய் கண்ணு" என்று பத்து முறை சொல்லி அதைக் கொண்டுவர முடியாது.

முட்டை அட்டையில் 30 குழி, ஐந்துக்கு ஆறு. ஐந்து குழி கொண்ட வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வெட்டினால் மூன்று துண்டு வரும். ஒவ்வொன்றிலும் மேலே ஐந்து, கீழே ஐந்து. இருவருக்கு ஒரு துண்டு என்றால் 30 பிள்ளைகளுக்கு 5 அட்டை போதும். முட்டை உடைந்து கறைபட்டதை எடுக்காதீர்கள். காகித அட்டையைக் கழுவ முடியாது, கிருமி தங்கிவிடும்.

நிரப்புவதற்கு ஒரே ஒழுங்கு: மேல் வரிசை முதலில், இடமிருந்து வலமாக. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏழு என்றால் எப்போதும் மேலே முழு வரிசை, கீழே இரண்டு. இரண்டு வாரத்தில் பிள்ளை எண்ணாமலே "ஏழு" என்று சொல்லத் தொடங்கும். காலிக் குழியைப் பார்த்துப் பத்துக்கு இன்னும் மூன்று என்பதும் தானாக வரும். கண்ட குழியில் போட விட்டால் இது எதுவும் நடக்காது.

ஏழு வரை சரியாக எண்ணிய பிள்ளையிடம் "எத்தனை இருக்கு?" என்றால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். இது மறதி இல்லை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் பெயர் என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. எண்ணி முடித்ததும் எல்லாக் கொட்டையையும் சுற்றிக் கையை வட்டமாக ஓட்டி "ஆக, ஏழு" என்று சொல்லிக் காட்டுங்கள். புரிந்ததா என்று பார்க்க "எண்ணு" என்று கேட்பதைவிட "நாலு கொட்டை கொடு" என்று கேளுங்கள். புரியாத பிள்ளை கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும்.

பத்தைத் தாண்டும்போது தமிழ் பெரிய துணை. பதினொன்று, பதிமூன்று என்று சொல்லும்போதே பத்து முன்னால் கேட்கிறது. பதிமூன்று என்றால் ஓர் அட்டைத் துண்டு நிறைந்து அடுத்ததில் மூன்று. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த உதவி இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் ஒகட்டி, ரெண்டு, மூடு என்றோ ஒந்து, எரடு, மூரு என்றோ எண்ணுவார்கள். அப்படியே எண்ணட்டும். குழி நிறைவது எந்த மொழியிலும் ஒன்றுதான்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது: தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல் கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் வெள்ளையாகத் தேய்ப்பது. பெரியவர்கள் தேய்த்து வைப்பதே நல்லது. ஆளுக்கு ஒன்று தேய்க்கக் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். ஆனால் தேய்த்த கொட்டை சுடும், பக்கத்துப் பிள்ளை கையில் வைத்துவிடும், கவனம். ஐந்து கொட்டையைக் குலுக்கிப் போட்டால் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அல்லது நான்கு, ஒன்று. விழுந்ததை நோட்டில் கோடு போட்டுக் குறிக்கட்டும். ஐந்தும் வெள்ளையாக விழுவது அரிது என்பதால், அதற்காகவே திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஐந்தின் எல்லாப் பிரிவும் அந்த ஆசையிலேயே கைக்குப் பழகிவிடும். பிறகு சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்குள் மறைத்து, "அஞ்சுல ரெண்டு வெளிய இருக்கு, உள்ள எத்தனை?" என்று கேளுங்கள். ஐந்து உறுதியான பிறகே ஆறுக்குப் போங்கள்.

தராசு செய்வதாக இருந்தால் 30 செ.மீ. மர ஸ்கேல், ஒரே அளவில் இரண்டு கொட்டாங்குச்சி, சணல். ஸ்கேலைச் சணலில் தொங்கவிடும் நடுத் துளையை மேல் விளிம்பை ஒட்டிப் போடுங்கள். கொட்டாங்குச்சிகளை இரு முனையிலும் கீழ் விளிம்பை ஒட்டித் தொங்கவிடுங்கள். நடுத் துளை கீழே இறங்கிவிட்டால், எடை சமமாக இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தே கிடக்கும், திரும்பி வராது. ஒரு கொட்டாங்குச்சி கனமாக இருந்தால் மற்றதன் அடியில் சிறு கல்லை டேப்பால் ஒட்டுங்கள். ஈரக் களிமண் வேண்டாம், காயக் காய எடை குறையும். ஒரு மாங்கொட்டைக்கு எத்தனை புளியங்கொட்டை ஈடு என்று முதலில் சொல்ல வைத்து, பிறகு நிறுத்துப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் நடுவில் டீச்சர் செய்ய வேண்டியது கஷ்டமான வேலை: கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. பிள்ளை திணறும்போது மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுப் பேசுங்கள். ஒரே தப்பை மூன்று முறை செய்தால் விடையைச் சொல்லாதீர்கள். எண்ணைச் சின்னதாக்குங்கள், ஏழுக்குப் பதில் ஐந்து. "கெட்டிக்காரி" என்பதைவிட "கலைச்சுட்டு மறுபடி அடுக்கினியே" என்று செய்ததைச் சொல்லுங்கள். 15, 20 நிமிடத்தில் நிறுத்திவிடலாம். முடியாததைப் பெயர் எழுதிய தட்டில் அப்படியே வைத்து, நாளைக்குத் தொடரட்டும். மணியடித்ததும் கலைத்துக் கொட்டச் சொன்னால், பாதியில் விட்டதற்குத் திரும்பி வரலாம் என்பதைப் பிள்ளை எப்படிக் கற்கும்?

மூன்று வயதுப் பிள்ளைகளிடம் புளியங்கொட்டை வேண்டவே வேண்டாம். மூக்கில், காதில் போட்டுக்கொள்வார்கள், விழுங்கினால் மூச்சடைக்கும். அவர்களுக்கு மாங்கொட்டை. பள்ளி திறக்கும் ஜூனில் கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. நார் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். யு.கே.ஜி.யிலும் ஒரு ஜோடிக்குப் பத்து கொட்டை என்று எண்ணிக் கொடுத்து, பத்தாக எண்ணி வாங்குங்கள். ஒன்பதுதான் வந்தால் வகுப்பே தேடட்டும், அதுவும் கழித்தல்தான்.

கொட்டையை வண்டு துளைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து, ஓட்டை விழுந்ததைப் பொறுக்கி எறியுங்கள். வறுத்து வைத்தாலும் வண்டு வராது. ஆனால் வறுத்த கொட்டையின் வாசனை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், தின்றுவிடுவார்கள்.