நான்கு கோழிகளும் ஒரு சொத்துவரிப் பக்கமும்

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்கு மேற்கே, அஞ்சல் முகவரியில் கேட்டி என்று எழுதப்படும் வீடுகளில் பெரும்பாலானவை கேட்டி நகருக்குள் இல்லை. நகரின் எல்லை சிறியது. அதைச் சுற்றி மூன்று கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பரந்து கிடக்கும் குடியிருப்புகளுக்கு மேயரும் கிடையாது, நகர்மன்றமும் கிடையாது. ஹாரிஸ் கவுண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீடும் அவ்வாறு எந்த நகரிலும் சேராத ஒன்று என்பதில் எனக்கு அக்கறை ஏற்படச் செய்தவர், நாமக்கல்லிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மாமனார்.

அது 2025 மார்ச் மாதம். பறவைக் காய்ச்சலின் விளைவாக அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை ஆறு டாலரைத் தாண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் முட்டைக்கோழிப் பண்ணை நடத்திய மனிதர் கடையில் அந்த விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, இத்தன எடம் சும்மாதானுங்களே கெடக்குது? நாலு கோழி வாங்கி உட்டா யாருங்க கேக்கப் போறா?" என்றார்.

யார் கேட்பார்கள் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹூஸ்டன் நகரச் சட்டப்படி கோழிகளை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நூறடி தள்ளி வைக்க வேண்டும். எங்கள் மனையின் அகலமே அதில் பாதிதான். ஆனால் அந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறதா என்பதற்கு விடை, வரிக்காகச் சொத்துக்கு மதிப்புப் போடும் மதிப்பீட்டு மாவட்டத்தின் (இங்கே மாவட்டம் என்பது ஒரு பணிக்கென்றே அமைந்த அமைப்பு) இணையதளத்தில், எங்கள் வீட்டுக்கான சொத்துவரிப் பக்கத்தில் கிடைத்தது. கவுண்டி, துறைமுகம், மருத்துவமனை மாவட்டம், பள்ளி மாவட்டம், தண்ணீருக்கென்று ஒரு மாவட்டம் என வரி வாங்குவோர் அத்தனை பேரும் அதில் வரிசையாக நின்றார்கள்; நகரம் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. வரி வாங்காத நகரம் கோழியைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது.

கவுண்டி கேட்குமா என்றால், டெக்சஸில் கவுண்டிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு. எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று மண்டலம் பிரிக்கும் பொது அதிகாரம் அவற்றில் இல்லை. இதை விளக்கியதும் மாமனாரின் முகம் மலர்ந்தது. "அப்ப கேக்க நாதியே இல்லீங்களா!" என்று சொல்லிவிட்டு, கூண்டுக்கான அளவுகளைக் காலடி வைத்து அளக்கத் தொடங்கினார். இந்த நாட்டில் ஒருநாள் குஞ்சுகளை அஞ்சலிலேயே அனுப்பிவைப்பார்கள் என்று என் மனைவி அந்த நேரம் பார்த்துச் சொன்னது அவருடைய உற்சாகத்தைக் கட்டுக்கடங்காததாக்கியது.

நாதி இருந்தது. வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட காகிதக் கட்டில், கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவான மனைக் கட்டுப்பாடுகள் என்ற ஆவணம் இருந்தது. கூரை ஓட்டின் நிறம், வேலியின் உயரம், குப்பைத்தொட்டியை மறைக்கும் முறை ஆகியவற்றைக் கடந்து போனால், நாய், பூனை முதலிய வீட்டுப் பிராணிகளைத் தவிர எந்த விலங்கையும் கால்நடையையும் கோழியினத்தையும் எந்த மனையிலும் வளர்க்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சொந்த நிலத்தில் வேளாண்மை செய்யும் உரிமையை 2023 நவம்பரில் டெக்சஸ் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் சேர்த்ததை நண்பர் ஒருவர் நினைவூட்டினார். அது அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக வந்தது. நாமே ஒப்புக்கொண்ட தனியார் ஒப்பந்தத்துக்கு எதிராக அதைப் பிடித்துக்கொண்டு வழக்காடும் அளவுக்கு நான்கு கோழிகளின் மீது எனக்குப் பற்று இல்லை.

இதையெல்லாம் மாமனார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்பறம் காத்தால சேவல் கூவுற சத்தம் எங்கிருந்துங்க வருது?" என்றார்.

விசாரித்ததில், எங்கள் தெருவின் எதிர்வரிசை முன்னதாகவே மனை பிரிக்கப்பட்ட வேறொரு பிரிவு என்று தெரிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு ஆவணம் உண்டு. அவர்களுடைய ஆவணம் பன்றியைத் தடுக்கிறது, கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று மாலையே மாமனார் தெருவைக் கடந்து போய்ச் சைகையிலேயே நட்புப் பிடித்துவிட்டார். திரும்பி வரும்போது கையில் ஆறு முட்டைகளும், முகத்தில் கடும் அதிருப்தியும் இருந்தன. "ஓடு ரொம்ப மெல்லிசுங்க மாப்பிள்ளை. தீவனத்துல கிளிஞ்சல் போடறதே இல்ல போலிருக்கு. நாளைக்கு நீங்களும் வாங்க, இங்கிலீசுல எடுத்துச் சொல்லோணும்."