டிப்ஷ்பீலில் சேர்றியா? ஸ்டுட்கார்ட் வந்து இறங்கும் நம்ம ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கால்பந்து

ஓசூர் சிப்காட்டில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டோ, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் காலேஜ் முடித்து மேல்படிப்புக்கோ ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை என்றே ஓடிவிடும். ஆகஸ்ட் வந்ததும் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் கேட்பார்: “டிப்ஷ்பீலில் சேர்றியா?”

சேருங்கள். கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. அந்த வாரக் கால்பந்து ஆட்டங்களின் ஸ்கோரை முன்கூட்டியே ஊகித்து எழுதும் ஆபீஸ் விளையாட்டு அது. பெரும்பாலான ஆபீஸ்களில் கணக்கு இப்படி: ஸ்கோர் அச்சுப் பிசகாமல் சரியென்றால் 4 புள்ளி, கோல் வித்தியாசம் மட்டும் சரியென்றால் 3, யார் ஜெயிப்பார் என்பது மட்டும் சரியென்றால் 2. திங்கட்கிழமை காலை பட்டியல் வரும். ஜெர்மன் தட்டுத்தடுமாறும் ஆளுக்கும் அன்றைக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

நாலு வாரம் விளையாடினால் ஒன்று பிடிபடும். ஜெர்மனியின் பெரிய பணக்கார கிளப்பான பேயர்ன் மியூனிக் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டத்துக்கு ஆபீஸே பேயர்ன் வெற்றி என்றுதான் எழுதியிருக்கும். எல்லாருக்கும் புள்ளி வரும், அதனால் யாரும் யாரையும் முந்த முடியாது. பட்டியலில் மேலே போகிறவர்கள் எட்டாம் இடத்துக்கும் பதின்மூன்றாம் இடத்துக்கும் நடக்கும் ஆட்டங்களில்தான் புள்ளி பொறுக்குகிறார்கள். புதிதாக வந்தவர் அப்போது கேட்கும் கேள்வியும் நியாயமானது: “ஜெயிக்கப்போறது யாருன்னு தெரிஞ்சா, எதுக்குப்பா 34 மேட்ச்?”

ஒவ்வோர் அணியும் சீசனுக்கு 34 ஆட்டம் ஆடும் முதல் டிவிஷன் லீக்கான புண்டெஸ்லிகாவின் கோப்பையைப் பொறுத்தவரை மழுப்பத் தேவையில்லை. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன்தான். 2024இல் லெவர்குசன் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் எடுத்தது. 2025இல் மறுபடி பேயர்ன். அதற்கு முந்தைய பத்து வருஷத்தைப் பாருங்கள்: பிரேமன், ஸ்டுட்கார்ட், வோல்ஃப்ஸ்பர்க், டார்ட்மண்ட் என்று நாலு ஊர்கள் பேயர்னுக்கு நடுவே கோப்பை தூக்கியிருக்கின்றன. மற்ற நாடுகளிலும் இதே கதைதான். இத்தாலியில் யுவெண்டஸ் 2012 முதல் 2020 வரை ஒன்பது முறை. பிரான்ஸில் 2011இல் கத்தார் பணம் வந்த பிறகு பாரிஸ் கிளப் 2013 முதல் 2025 வரை 13இல் 11. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி 2021 முதல் 2024 வரை நாலு முறை தொடர்ச்சியாக. இதெல்லாம் ஒரே காலத்தில் தற்செயலாக நடந்துவிடவில்லை.

காரணம் புரிய தர்மபுரிக்காரருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம், போர்வெல்லை நினைத்தால் போதும். ஒருவர் ஆயிரம் அடிக்குப் போடுகிறார், தண்ணீர் வருகிறது. முந்நூறு அடியில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. அந்த வருஷ விளைச்சல் காசில் அடுத்த வருஷம் அவர் இன்னும் ஆழமாக இறக்குவார். பக்கத்துக்காரர் முதலில் கடன் வாங்குவார், பிறகு நிலத்தை விற்பார்.

இங்கே அந்த ஆயிரம் அடி என்பது ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக். 2024 முதல் 36 அணிகள் ஆடும் அந்தப் போட்டிக்குள் நுழைந்தாலே ஒரு கிளப்புக்கு 1 கோடியே 86 லட்சம் யூரோ. முதல் சுற்றில் ஒவ்வொரு வெற்றிக்கும் 21 லட்சம். இந்தக் காசு உள்ளூர் லீக்கில் மேலே இருக்கும் நாலைந்து கிளப்புக்கு மட்டும் வரும். அவர்கள் அதை வைத்து உள்ளூர் லீக்கையே இன்னும் எளிதாக ஜெயிப்பார்கள். அடுத்த வருஷமும் அதே கிளப், அதே காசு.

பக்கத்துக் கிணறு வற்றுவதை ஸ்டுட்கார்ட்டிலேயே பார்க்கலாம். 2023 கோடையில் கீழ் டிவிஷனுக்கு விழாமல் மயிரிழையில் தப்பிய வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட், பயிற்சியாளர் செபாஸ்டியன் ஹோனஸ் கையில் 2024இல் பேயர்னையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தது. முன்கள வீரர் கிராசி 28 ஆட்டத்தில் 28 கோல். அந்தக் கோடையிலேயே கிராசியும் கேப்டன் ஆன்டனும் டார்ட்மண்டுக்குப் போனார்கள், தடுப்பாட்டக்காரர் இட்டோ பேயர்னுக்குப் போனார். தோற்காமல் கோப்பை எடுத்த லெவர்குசன் கதியும் ஒரு வருஷம் தள்ளி அதேதான். 2025இல் பயிற்சியாளர் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்கு, வீரர்கள் விர்ட்ஸும் ஃப்ரிம்பாங்கும் லிவர்பூலுக்கு, தடுப்பாட்டக்காரர் தா (Tah) பேயர்னுக்கு. ஒரு நல்ல வருஷத்துக்குக் கிடைக்கும் பரிசு, அணி கலைவது. பணக்கார கிளப் நல்ல ஆளை வாங்குகிறது என்பதைவிட, எதிராளியிடமிருந்தே வாங்குகிறது என்பதுதான் இதில் கசப்பு. ஒரே ரசீதில் தனக்குக் கூட்டல், எதிராளிக்குக் கழித்தல்.

ஆபீஸில் “50+1” என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். 1998இல் கிளப்புகள் கம்பெனியாக மாறலாம் என்று வந்தபோது கூடவே போட்ட விதி அது. கம்பெனியின் ஓட்டில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். எண்ணெய் நாட்டு இளவரசர் வந்து கிளப்பை மொத்தமாக வாங்க முடியாது. பேயர்னில்கூட முக்கால் பங்கு கிளப்புடையது, அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சேர்ந்து கால் பங்குதான். மருந்துக் கம்பெனியின் லெவர்குசனும் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க்கும் பழைய காலத்திலிருந்தே விலக்கு பெற்றவை.

இதில் ஒரு முரண் இருக்கிறது, இங்கே யாரும் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். இந்த விதி பேயர்னுக்கு மேலே ஒரு பணக்காரர் வராமல் காக்கிறது, பேயர்னை எட்டிப்பிடிக்க ஒரு பணக்காரர் வராமலும் தடுக்கிறது. 2013 முதல் 2025 வரை பேயர்னைத் தாண்டிக் கோப்பை எடுத்த ஒரே கிளப், விதிவிலக்குப் பெற்ற லெவர்குசன். ஊர்க் கபடியில் வெளியாள் இறக்கக் கூடாது என்று விதி போட்டால், எந்த ஊரில் ஏற்கெனவே ஆள்பலம் இருக்கிறதோ அந்த ஊர்தானே வருஷாவருஷம் கோப்பை எடுக்கும்?

அப்படியென்றால் விதியைத் தூக்கிவிடலாமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. அந்த விதியால்தான் நின்று பார்க்கும் இடத்துக்குப் பல மைதானங்களில் 15, 20 யூரோவுக்கு டிக்கெட் கிடைக்கிறது. டார்ட்மண்டில் ஒரு பக்கத்துக் கேலரியில் மட்டும் 24,000 பேருக்கு மேல் நின்று பார்க்கிறார்கள். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க 2023 டிசம்பரில் கிளப்புகள் ஓட்டுப் போட்டபோது, ரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் காசுகளையும் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இங்கிலாந்தில் கடைசி இடத்தில் வரும் கிளப்புக்கும் ஒளிபரப்புக் காசு 10 கோடி பவுண்டுக்கு மேல். ஆனாலும் அங்கே 2024இலும் 2025இலும் புதிதாக ஏறிய மூன்று கிளப்புகளும் அதே வருஷம் திரும்ப விழுந்தன. காசு கூடினால் போட்டி கூடும் என்ற வாதம் அங்கேயே நொண்டுகிறது.

இனி, போட்டி எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம். பட்டியலைத் தலைகீழாக வாசியுங்கள். 18 அணிகளில் கடைசி இரண்டும் நேராகக் கீழ் டிவிஷனுக்கு. 16ஆம் இடம், கீழ் டிவிஷனில் மூன்றாவதாக வந்த அணியோடு பிளே-ஆஃப் என்ற இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்க வேண்டும். பெரிய பெயருக்கு இங்கே சலுகை கிடையாது. ஷால்கே 2021இல் விழுந்தது, ஏறியது, 2023இல் மறுபடி விழுந்தது. 2018 வரை விழுந்ததே இல்லை என்று மைதானத்தில் கடிகாரம் மாட்டி வைத்திருந்த ஹாம்பர்க், திரும்பி வர ஏழு வருஷம் ஆனது.

ஹைடன்ஹைம் கதையை நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 50,000 பேர் வாழும் ஊர். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி நகரமும் கிருஷ்ணகிரி நகரமும் எழுபதாயிரத்தை ஒட்டி இருந்தன, அதைவிடச் சிறியது. 15,000 பேர் கொள்ளும் மைதானம், ஊருக்கு மேலே மலையில், கோட்டைக்குப் பக்கத்தில். கிருஷ்ணகிரி துர்க்கத்தின் நிழலில் வளர்ந்தவருக்கு ஸ்டேஷனிலிருந்து ஏறும்போதே சொந்த ஊர் நினைப்பு வரும். ஃப்ராங்க் ஷ்மிட் என்ற ஒரே பயிற்சியாளர் 2007இல் நான்காம் டிவிஷனில் பொறுப்பேற்று மேலே கொண்டுவந்த அணி. 2023 மே 28, இரண்டாம் டிவிஷன் சீசனின் கடைசி நாள், ரேகன்ஸ்பர்க்கில் 0-2 என்று பின்தங்கியிருந்தார்கள். ஹாம்பர்க் ரசிகர்கள் வேறொரு ஊரில் தாங்கள் ஏறிவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு கோல் திருப்பியிருந்த ஹைடன்ஹைம் 93ஆம் நிமிடத்தில் ஒன்று, 99ஆம் நிமிடத்தில் ஒன்று போட்டு 3-2. ஹாம்பர்க்குக்கு ஸ்டுட்கார்ட்டோடு பிளே-ஆஃப், அதிலும் தோல்வி. அடுத்த 2024 ஏப்ரலில் இதே ஹைடன்ஹைம் சொந்த மலையில் 0-2லிருந்து எழுந்து பேயர்னை 3-2 என்று சாய்த்தது, அந்த சீசனை எட்டாம் இடத்தில் முடித்தது. 2025இல் 16ஆம் இடம். பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டத்தில் 95ஆம் நிமிட கோலால் தப்பித்தது.

லீக்கிலிருந்து தனியாக நடக்கும் ஜெர்மன் கப் போட்டியையும் விடாதீர்கள். ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. காசுக்கு 34 ஆட்டத்தில் இருக்கும் பலம் 90 நிமிடத்தில் இருக்காது. மூன்றாம் டிவிஷன் சார்ப்ரூக்கன் 2023 நவம்பரில் பேயர்னை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2025 இறுதி ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட் எதிரே நின்றது மூன்றாம் டிவிஷன் பீலஃபெல்ட், வரும் வழியில் லெவர்குசனைத் தோற்கடித்துவிட்டு.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். வி.எஃப்.பி. ஆட்டங்களுக்கு உறுப்பினர்களுக்குத்தான் முதலில் விற்பனை திறக்கும். மிச்சம் இருந்தால்தான் பொதுமக்களுக்கு. கிடைக்கவில்லையென்றால் கிளப்பின் அதிகாரப்பூர்வ மறுவிற்பனைப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்கள் அடிக்கடி திறந்து பாருங்கள், வர முடியாதவர்கள் அப்போதுதான் திருப்பித் தருவார்கள். கண்ட இணையதளத்தில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினால் கிளப் அந்த டிக்கெட்டை ரத்து செய்யலாம், வாசலில்தான் தெரியவரும். டிக்கெட்டிலேயே உள்ளூர் ரயில் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பல கிளப்புகளில் சேர்ந்திருக்கும். பை ஏ4 தாளைவிடப் பெரியது என்றால் உள்ளே விடுவது சந்தேகம். குடிக்கிற பிளாஸ்டிக் டம்ளருக்கு முன்பணம் உண்டு, குப்பையில் போடாமல் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எதிரணிச் சட்டையோடு உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் பிளாக்குக்குள் போகாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிளாக்குக்கும் வேண்டாம், தலைகளுக்கு நடுவே அதற்கு எதுவும் தெரியாது. ஜனவரியில் குளிர் காலிலிருந்துதான் ஏறும். மூன்று ஜாக்கெட் போட்டாலும் கான்கிரீட் தரை பாதத்தை உறிஞ்சிவிடும். கம்பளிச் சாக்ஸ் போட்டு, காலுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டித் துண்டை விரித்து நில்லுங்கள்.

டிக்கெட் இழுபறியே வேண்டாம் என்றால் டேகர்லோக்கில் டி.வி. கோபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸ் ஆடுகிறது. 2023இல் நான்காம் டிவிஷனுக்கு ஏறிய அணி. அங்கே கோல்கீப்பர் திட்டுவதுகூடக் காதில் விழும். ஜெர்மன் வசைச்சொல் கற்க நல்ல இடம்.

பையனையோ பெண்ணையோ ஊர் கிளப்பில் சேர்க்க வேண்டுமா? முதலில் இரண்டு மூன்று முறை சோதனைப் பயிற்சிக்கு இலவசமாக விடுவார்கள். பிறகு விண்ணப்பம், வங்கியிலிருந்து தானாகப் போகும் சந்தா. விலகுவதற்கான அறிவிப்பைப் பெரும்பாலும் வருஷக் கடைசிக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும், வீடு மாறும்போது பலர் இதை மறந்து அடுத்த வருஷமும் கட்டுகிறார்கள். பத்து வயதுக்கு மேல் என்றால், இந்தியாவில் எந்தக் கிளப்பிலும் ஆடாத குழந்தைக்கும் சர்வதேச அனுமதி கேட்பார்கள். பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, பெற்றோரின் வேலை ஆவணம் எல்லாம் போய் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பயிற்சி உண்டு, புள்ளி ஆட்டம் கிடையாது. சின்ன வயதுப் பிரிவுகளில் 2024 முதல் புள்ளிப் பட்டியலே இல்லை. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று நாலு குட்டி கோல் வைத்து ஆட விடுகிறார்கள். “ரிசல்ட் என்னாச்சு?” என்று பயிற்சியாளரிடம் கேட்டால் சிரிப்பார்.

கடைசியாக, டிப்ஷ்பீலைப் பூர்த்தி செய்ய மறக்காதீர்கள். சனிக்கிழமைதானே ஆட்டம் என்று இருந்துவிட்டால் வெள்ளி இரவு 8:30 ஆட்டம் கைநழுவும். சனிக்கிழமை ஆட்டங்கள் பிற்பகல் 3:30க்கு, அப்போது ஊரில் கோடையில் இரவு 7, குளிர்காலத்தில் 8. சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து வீடியோ கால் வரும். “காலையிலயே பேசிடலாம்மா” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அதையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.