பிக்கப் பத்தலைங்கண்ணா

குழந்தையின் பேட்டரி பைக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வரும் அப்பாக்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "பிக்கப் பத்தலைங்கண்ணா." பின்னாலேயே ஒரு பொடியனோ பாப்பாவோ வந்து, ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். வண்டி அதனுடையது. பிக்கப் பத்தாதது யாருக்கு என்று கேட்கும் புத்தி எனக்கு வருவதற்குள் ஒரு பையனின் தாடையில் இரண்டு தையல் விழுந்துவிட்டது.

அடிப்படையில் நான் காயில் கட்டுகிறவன். கோயம்புத்தூரில் பம்பு மோட்டாருக்குப் பஞ்சமில்லை, அதனால் காயில் கட்டும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. கணபதியில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். கருகிய காயிலை வெட்டி எடுப்பது, ஸ்லாட்டில் கரண்ட் கசியாமல் தடுக்கும் லெதராய்டு பேப்பர் செருகுவது, சுற்று எண்ணிப் புதுக் கம்பி இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது. அப்புறம் சில வருஷம் யுபிஎஸ் பேட்டரி சர்வீஸ். மோட்டாரும் பேட்டரியும் தெரிந்தவனுக்குக் குழந்தைகள் பைக் ஒரு வேலையா என்று நினைத்திருந்தேன்.

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் இவை வரிசையாக வர ஆரம்பித்தன. ஊரடங்கில் வீட்டுக்குள் ஓட்ட வாங்கியவை. பள்ளி திறந்ததும் மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டார்கள். சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிப்போகும். ஆறு மாதம் கழித்து சார்ஜ் போட்டால் சார்ஜரில் உடனே பச்சை விளக்கு எரியும். "சீக்கிரம் ஃபுல் ஆயிடுதுங்க, ஆனா ஓட மாட்டேங்குது" என்பார்கள். ஃபுல் ஆவதில்லை. வாங்கி வைத்துக்கொள்ள உள்ளே இடமில்லை, அவ்வளவுதான்.

வருகிற வண்டிகள் இரண்டு வகை. ஒன்று பிளாஸ்டிக் பொம்மை வண்டி. 6 வோல்ட், 4.5 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்று, கட்டைவிரல் பருமனை விடக் கொஞ்சம் பெரிய மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த கியர் பாக்ஸ். ஆக்சிலேட்டர் கிடையாது, காலடியில் ஒரு ஸ்விட்ச் மட்டும். பெரியவர்கள் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாது. இன்னொன்று இரும்பு ஃபிரேம் வைத்தது. 24 வோல்ட், 250 வாட் மோட்டார், செயின், மோட்டாருக்குப் போகும் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர், கையில் முறுக்கும் ஆக்சிலேட்டர், பின்சக்கரத்தில் பட்டை பிரேக். பார்க்க நிஜ பைக்கின் குட்டி போலவே இருக்கும். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊர் இது. இரண்டாவது வகை வண்டி வாங்கும் அப்பாக்கள் பாதிப் பேர் மனதில் அந்த டிராக் ஓடிக்கொண்டிருக்கும்.

தையல் விழுந்தது முதல் வகை வண்டியில். பையனுக்கு ஐந்து வயசு இருக்கும். "12 வோல்ட் போட்டுருங்கண்ணா, யூடியூப்ல பார்த்தேன், ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா. ஒரு யுபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி என்னிடமே கிடந்தது. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக்கை அறுத்து அதை உட்கார வைத்தேன். டிசி மோட்டாரில் வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் வேகமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். கடை வாசலிலேயே ஓட்டவிட்டுப் பார்த்த அப்பா விசில் அடித்தார். நானூறு ரூபாய் வாங்கினேன்.

நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பையன் காலை எடுத்த பிறகும் வண்டி நிற்கவில்லை. காம்பவுண்டு சுவரில் போய்த்தான் நின்றிருக்கிறது. ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த இரண்டு காண்டாக்ட் முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

வீட்டு கரண்ட் ஏசி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் ஸ்விட்சில் கிளம்பும் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் டிசியில் அந்த இடைவெளி இல்லை. பொறி இழுத்துக்கொண்டே நின்று முனையைச் சுடும். 6 வோல்ட் மோட்டாருக்குப் போதும் என்று போட்ட ஸ்விட்சில் இரண்டு மடங்கு வோல்ட், கிளம்பும்போது இரண்டு மடங்கு ஆம்ஸ், அதாவது கரண்ட். குழந்தை காலை வைத்து வைத்து எடுக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி வெல்டிங். போதாததற்கு, இந்த மாதிரி சில வண்டிகளில் தனியாக பிரேக்கே கிடையாது. காலை எடுத்ததும் அதே ஸ்விட்ச் மோட்டாரின் இரண்டு ஒயரையும் ஷார்ட் செய்யும். மோட்டார் டைனமோ மாதிரி ஆகித் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் ஓட்டமும் நிற்காது, பிரேக்கும் கிடைக்காது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், ஸ்விட்சைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குக் கோபமே இல்லை. "செம்ம ஸ்பீடுங்கண்ணா, இவன்தான் பயந்துட்டான்" என்று சிரித்தார். பையன் கடைக்குள் வரவே இல்லை, வெளியே ஸ்கூட்டரில் தாடையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தான். நானூறைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். ஸ்விட்சை மட்டும் பெரிதாக மாற்றி மறுபடியும் 12 வோல்ட்டே போடச் சொன்னார். போடவில்லை. பழைய 6 வோல்ட்டையே மாட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

2021 ஜனவரியிலிருந்து இங்கே விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த முத்திரை ஒட்டிய வண்டியில் நான் கத்தியை வைத்த நிமிஷமே, பரிசோதித்துப் பாஸ் பண்ணிய பொருள் போய்விட்டது. அப்புறம் அதற்கு முத்திரை நான்தான். இதை யோசித்த பிறகு பிளாஸ்டிக் வண்டிக்கு வோல்ட் ஏற்றும் வேலையை விட்டுவிட்டேன். அதே வோல்ட்டில் நல்ல பேட்டரி, கொஞ்சம் தடித்த ஒயர், சுத்தமான முனை, இவ்வளவுதான். இதிலேயே வண்டி நன்றாக மாறும், நம்ப மாட்டார்கள். உள்ளே வரும் ஒயர் பெரும்பாலும் அரை ஸ்கொயர் எம்எம் இருக்கும். போக வர 2 மீட்டர் ஒயரில் 12 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.8 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். 24 வோல்ட்டில் அது சில்லறை. 6 வோல்ட் வண்டியில் ஆம்ஸ் குறைவுதான் என்றாலும் அரை வோல்ட் தொலைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு. ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயர் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் நஷ்டம்.

இரும்பு வண்டிக்காரர்கள் கேட்பது வேறு: "மோட்டாரை 350 வாட் ஆக்கிடுங்க." ஆக்கலாம். 250 வாட்டுக்கும் 350 வாட்டுக்கும் ஒரே கூடு, ஒரே நாலு போல்ட் வைத்த மோட்டார் கடைத்தெருவில் கிடைக்கிறது. ஆனால் 350 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். பதினாலரை ஆம்பியர். சீட்டுக்கு அடியில் இருப்பது 7 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு, சீரியஸில், அதாவது ஒன்றின் பின்னால் ஒன்றாக இணைத்தது. இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் அது 7. பதினாலரை ஆம்ஸில் இழுத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கொடுக்கும். புது மோட்டார் போட்ட வண்டி முதல் பத்து நிமிஷம் பாயும், பிறகு பழைய மோட்டாரை விடச் சீக்கிரம் படுத்துவிடும். அப்போது கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள்.

அதனால் இப்போதெல்லாம் வண்டி வந்ததும் மோட்டாரைத் தொடுவதே இல்லை. பேட்டரி ஒவ்வொன்றிலும் மல்டிமீட்டரை வைத்துவிட்டு, பின்சக்கரத்தில் மரக்கட்டையை அழுத்தி லோடு கொடுப்பேன். சும்மா இருக்கும்போது இரண்டுமே 12.7 காட்டும், பார்த்தால் புதுசு மாதிரி. லோடு ஏறியதும் ஒன்று 12க்கு வந்து நிற்கும், இன்னொன்று 9க்குச் சறுக்கும். பத்து வண்டியில் ஏழெட்டு வண்டிக்குப் பிக்கப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். "கெட்டுப்போன ஒண்ணை மட்டும் மாத்துங்க" என்று பேரம் பேசுவார்கள். புதுசும் பழசும் சீரியஸில் சேர்ந்தால் பழசு முதலில் காலியாகும், புதுசு அதை விடாமல் இழுத்துத் தலைகீழாக சார்ஜ் ஏற்றிக் கொன்றுவிடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் மோட்டாரைத் தொடாமலே "அண்ணா, பறக்குது" என்று போன் வரும். பறக்கவில்லை. வாங்கின அன்று ஓடியது போல ஓடுகிறது, அவர்களுக்கு அந்த நாள் மறந்துவிட்டது.

லித்தியம் பேட்டரிக்கு நான் தாமதமாகத்தான் வந்தேன். ஆரம்பத்தில் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களை அடுக்கி ஒரு பேக் செய்து பார்த்தேன், பட்டறைக்குள் மட்டும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். செய்தி பார்த்த அன்று இரவே அந்தப் பேக்கைப் பிரித்தேன். பொம்மை வண்டியை எங்கே சார்ஜ் போடுவார்கள்? கட்டிலுக்குப் பக்கத்தில், குழந்தை தூங்கும் அறையில்.

இப்போது செய்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மட்டும், அதுவும் புது செல். சூட்டுக்குச் சீக்கிரம் கொதித்துக் கிளம்பாத ரகம். 3.2 வோல்ட், 6 ஆம்பியர் அவர் உருளை செல்லில் இரண்டிரண்டாக எட்டு ஜோடி, மொத்தம் பதினாறு. 25.6 வோல்ட், 12 ஆம்பியர் அவர். நாலுக்கு நாலாக அடுக்கினால் பழைய இரண்டு பேட்டரி இருந்த குழியிலேயே இறுக்கமாக உட்காரும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே காயில் காலத்து லெதராய்டு பேப்பரைத்தான் வெட்டிச் செருகுகிறேன், விட்ட குறை. மேலே செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட், பியூஸ். இரண்டு லெட் ஆசிட் பேட்டரியும் சேர்ந்து நாலு கிலோவுக்கு மேல். இது இரண்டரைக்குள் முடியும். குழந்தை கீழே விழுந்தால் வண்டியைத் தானே நிமிர்த்திக்கொள்ளும், அது எனக்குப் பிடித்த லாபம். இதற்குப் பொருந்தாத பழைய சார்ஜரைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டு, 29.2 வோல்ட்டில் கட் ஆகும் சார்ஜரைக் கொடுத்து அனுப்புவேன். "அது நல்லாத்தானே இருக்குது, குடுங்க" என்பார்கள். கொடுப்பதில்லை. ஒரு டப்பா நிறைய சேர்ந்திருக்கிறது.

36 வோல்ட் கேட்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. ஒருவர் தானே மூன்றாவது பேட்டரியைச் சேர்த்துவிட்டு, கன்ட்ரோலர் வெடித்ததும் கொண்டு வந்தார். உள்ளே 35 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெப்பாசிட்டர், வயிறு பிளந்து கிடந்தது. நல்லவேளை, அது முதலில் போனது. வோல்ட் ஒன்றரை மடங்கானால் வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கம், இரண்டேகால் மடங்கு. விரல் அகல பட்டை பிரேக் அதை எங்கே விழுங்கும்? ரோட்டுக்கு வந்தால் இன்னொரு தொல்லை: 250 வாட்டோ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமோ தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். ஓட்டுகிறவன் சின்னப் பையன் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வர்க்கக் கணக்கைக் கேட்டு யாரும் அசந்தது இல்லை. 25,000 என்றதும் அமைதியாகிவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். வண்டி 24 வோல்ட் இரும்பு வண்டி. "பிக்கப் பத்தலை தம்பி" என்று அவரும் ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் பாப்பாவிடம் கேட்டேன், "உனக்கு என்ன பண்ணணும் கண்ணு?"

"எங்க ஊட்டு வாசல் மேட்டுல ஏறணும். அப்புச்சி தள்ளுறாரு. அவருக்கு முட்டி வலிக்குது."

பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வேலை சுலபம். பேட்டரி ஜோடியாக மாற்றினேன். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான 55 பல் ஸ்ப்ராக்கெட்டை எடுத்துவிட்டு 65 பல் போட்டேன், செயினில் நாலைந்து கண்ணி சேர்த்தேன். இழுவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அதற்கு ஈடாக வேகம் குறையும். அதைச் சொன்னபோது பாப்பா ஒன்றும் சொல்லவில்லை, பெரியவர்தான் "குறைஞ்சா நல்லதுதான் தம்பி" என்றார். கடைக்கு எதிரே லாரி ஏற்றும் சரிவு ஒன்று இருக்கிறது. அதில் பாப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதியில் ஒரு தடவை காலை ஊன்றினாள், மறுபடி முறுக்கினாள், ஏறிவிட்டது. மேலே போய்த் திரும்பிப் பார்த்து, "இறங்குறப்போ?" என்று கேட்டாள்.

அவளைக் கீழே வரச் சொல்லி, பிரேக் கம்பியை இறுக்கி, லிவரை அவள் விரலுக்கு எட்டும்படி உள்ளே தள்ளி வைத்துக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து அதே வண்டி வந்தது. பேட்டரி லோடில் 12.1, மோட்டார் சூடே இல்லை. பிரேக் பட்டை மட்டும் முழுக்கத் தேய்ந்திருந்தது. மாற்றி நூற்றைம்பது ரூபாய் வாங்கினேன்.