விதைக்கும் முன் மண்ணைச் சோதித்தோம்

காலி மனையில் எல்லோரும் சேர்ந்து தோட்டம் போடலாம் என்று கிளம்பியபோது, முதலில் மண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். முடிவு வந்தது. ஈயம் அதிகம். முன்பு அங்கே பழைய கட்டடம் இருந்தது, பக்கத்தில் பெரிய சாலை. பழைய பெயின்ட்டிலும் வாகனப் புகையிலும் வந்த ஈயம் மட்கிப் போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை உலகம் முழுக்க நின்றதே 2021-ல்தான்.

பலரும் பயப்படுவது காய்க்குள் ஏறும் ஈயத்துக்கு. தக்காளி, கத்தரி மாதிரி காய்க்கும் செடிகளில் அது குறைவாகத்தான் ஏறும். பெரிய ஆபத்து கையிலும் செருப்பிலும் ஒட்டிவரும் மண்ணும் தூசியும்தான். குழந்தைகள் கையை வாயில் வைப்பார்கள். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

சரி, திட்டத்தை மாற்றினோம். தரைமேல் தடித்த துணி விரித்து, உயரப் பாத்தி கட்டி, சோதித்த மண்ணும் மட்கிய உரமும் நிரப்புகிறோம். கீரையும் கிழங்கும் பாத்திக்குள் மட்டும். பாத்தி கட்ட, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய பலகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், அதில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கலாம்.

நேற்று முதல் பாத்தி முடிந்தது. கை கழுவக் குழாய் இன்னும் வரவில்லை. அதுவரை குழந்தைகளை உள்ளே விடப்போவதில்லை.