ஐம்பதில் தொடங்கும் ஊளை: க்ரவுன் பினியன் வரை போன தேடல்

காய்கறி லோடு அடிக்கும் டீசல் பிக்கப். பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டி. பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். வேகம் ஐம்பது கி.மீ.-ஐத் தாண்டியதும் 'ஊஊ' என்று ஒரே சுருதியில் ஊளை. பட்டறைக்கு வருவதற்கு முன்பே பின் டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது, பின் வீல் பேரிங் இரண்டும் மாற்றியாகிவிட்டது. ஊளை மட்டும் அப்படியே இருந்தது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு செலவும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் நிற்கிற வண்டியில் நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தோம். ஊளை இல்லை. ஃபேன், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாம் சந்தேகப் பட்டியலில் பின்னால் போய்விட்டன. அடுத்து ரோட்டில் சரியாக 60 வைத்துக்கொண்டு ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்கு இறக்கினோம். இன்ஜின் சுற்று ஏறுகிறது, வண்டி வேகம் அதே. ஊளையின் சுருதி துளிகூட மாறவில்லை. அப்படியென்றால் சத்தம் இன்ஜினோடு சுற்றவில்லை, சக்கரத்தோடு சுற்றுகிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் தேட வேண்டும்.

டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும்: சொரசொரப்பான தாரில் ஒரு மாதிரி, வழவழப்பான சிமெண்ட் ரோட்டில் வேறு மாதிரி. இங்கே இரண்டிலும் ஒன்றுதான். வீல் பேரிங் என்றால் வண்டியை இடமும் வலமும் மெதுவாக வளைக்கும்போது ஏறி இறங்கும். வலது பக்கம் வளைத்தால் எடை இடது சக்கரத்தில் விழும், இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது கத்தும். அதுவும் இல்லை. (பின்பெட்டியில் இழுத்துக் கட்டிய தார்பாய்க் கயிறுகூட அறுபதில் ஊளையிடும். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.)

துப்பு கிடைத்தது ஆக்ஸிலேட்டரில். 65-ல் போகும்போது மிதித்தால் ஊளை அமுங்குகிறது. கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால் பிய்த்துக்கொண்டு கத்துகிறது. கிளட்சை மிதித்து சும்மா உருள விட்டால் பாதியாகக் குறைகிறது. டயருக்கும் வீல் பேரிங்குக்கும் நீங்கள் மிதிக்கிறீர்களா விடுகிறீர்களா என்பது தெரியாது. பின் ஆக்சிலின் நடுவே ஒன்றையொன்று கடித்துச் சுற்றும் பல்சக்கர ஜோடியான க்ரவுனுக்கும் (பெரியது, சக்கரத்தைச் சுற்றுவது) பினியனுக்கும் (சின்னது, இன்ஜின் பக்கம் இருந்து சுற்றுவது) தெரியும். மிதிக்கும்போது பினியன் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு, அதன் தலையை ஒட்டிய உள் பேரிங் சுமை வாங்கும். காலை எடுத்ததும் க்ரவுன் பினியனை உள்ளே இழுக்கும், சுமை முன்பக்கத்து வெளி பேரிங்குக்கு மாறும். விடும்போது கத்தினால் முதல் சந்தேகம் வெளி பேரிங் மீதுதான்.

இதை போனிலேயே உறுதி செய்யலாம். சத்தத்தின் அதிர்வெண்ணை வரைபடமாகக் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. இந்த வண்டியின் க்ரவுனில் 41 பல், பினியனில் 10. ஏழரையை 41-ஆல் பெருக்கினால் சுமார் 309 ஹெர்ட்ஸ். அறுபதில் அந்த இடத்தை ஒட்டி, எண்பதில் 412-ஐ ஒட்டி ஒற்றை முள்ளாக எழும்பி நின்றால் அது பல்லும் பல்லும் உரசும் சத்தம். கியர்பாக்ஸையும் பினியனையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப்போல் 4.1 மடங்கு சுற்றுவதால், அதன் சமநிலைக் கோளாறு அறுபதில் 31 ஹெர்ட்ஸில் வரும். அது காதுக்கு ஊளை இல்லை, சீட்டில் நடுக்கம். வெறும் பேரிங் சத்தம் என்றால் கல்லரைப்பது போலப் பரவலாக இருக்கும், ஒற்றை முள் வராது. இங்கே முள்ளும் இருந்தது, அதன் அடியில் கொஞ்சம் கரகரப்பும் இருந்தது.

பிறகு ஜாக்கி. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்தால் ஆக்சில் தொங்கி, ஷாஃப்டின் வளையும் மூட்டான கிராஸ் ஜாயின்டின் கோணம் கூடி, இல்லாத அதிர்வைக் காட்டும். மூன்றாம் கியரில் மீட்டர் 40-க்கு மேல் வேண்டாம். ஒரு சக்கரம் நின்றுபோனால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை ஆக்சில் உறையில் (ஹவுசிங்) இடம் இடமாக ஊன்றிக் கேட்டோம். சக்கரப் பக்கம் அமைதி. உறையின் முன்முனையான பினியன் மூக்கில் வைத்தால் மண்டைக்குள் கரகரத்தது.

இன்ஜினை நிறுத்தி, ஷாஃப்டைக் கழற்றி, பினியன் முனையில் ஷாஃப்ட் பூட்டும் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டினால் கையில் 'டக்' என்று தெரிந்தது. சுற்றுவாட்டில் ஆடுவது வேறு, அது கொஞ்சம் இருந்தே தீரும். மேலும் கீழுமான ஆட்டம் மயிரளவுகூட இருக்கக் கூடாது. ஆயிலை இறக்குவதற்கு முன் ஊற்றுகிற போல்ட்டைத் திறந்து பாருங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு மேல் போல்ட் வராமல் தலையில் கைவைத்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர். ஆயில் அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். இங்கே சுண்டுவிரலை மடக்கி விட்டும் தட்டுப்படவில்லை. காந்த போல்ட்டில் சாம்பல்நிறப் பசை இருந்தால் பயமில்லை. இதில் பசையோடு பளபளக்கும் செதிலும் இருந்தது.

பினியன் நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன; ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் மட்டும் புதுசு. கதை புரிந்துவிட்டது. ஆக்சில் மேலே இருக்கும் காற்றுத் துளை சேற்றில் அடைத்துவிட்டது. சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளியது. யாரோ சீலை மாற்றி, நட்டை ஏர் கன்னால் இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவே நசுங்கி நிற்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. அளவுக்கு மேல் நசுங்கினால் பேரிங் இறுகிப்போகும். ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் வெளி பேரிங் சூட்டில் தேய்ந்தது. பிறகு ஆட்டம் விழுந்தது, பினியன் இடம் பெயர்ந்தது, பல் ஊளையிட்டது.

பினியனின் இரண்டு பேரிங்கும் கப்போடு (வெளி வளையம்) புதுசு, க்ரவுனை இரு பக்கமும் தாங்கும் சைடு பேரிங் இரண்டும், சீல், ஸ்லீவ், நட் எல்லாம் புதுசு. பழைய ஸ்லீவைத் திரும்பப் போடவே கூடாது. பேரிங் கேப்களில் இடது வலது பஞ்ச் அடையாளம் வைக்காமல் கழற்றக் கூடாது. பினியன் தலைக்கு அடியில் இருந்த ஷிம்மை (இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மைக்ரோமீட்டரில் அளந்து அதையே போட்டோம்.

நட்டை இறுக்குவதுதான் பொறுமை கேட்கும் வேலை. ஸ்லீவ் முதலில் அசையாது, நீளப் பைப் போட்டுத்தான் இறுக்க வேண்டும். நசுங்கத் தொடங்கியபின் நட்டை நூலளவு நகர்த்தி அளக்க வேண்டும். க்ரவுன் இல்லாமல் பினியன் மட்டும் இருக்கும்போது ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி, மீன் கடைக்காரர் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தராசால் இழுத்தாலே போதும். புது பேரிங்குக்கு 2 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், 5 செ.மீ. ஆரத்தில் சுமார் 4 கிலோ காட்ட வேண்டும். முதல் அசைவில் அல்ல, சீராகச் சுற்றும்போது. அளவு ஆக்சிலுக்கு ஆக்சில் மாறும், அந்த வண்டியின் மேனுவலைப் பாருங்கள். கூடிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, இன்னொரு ஸ்லீவ்தான்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளியை (பேக்லாஷ்) டயல் கேஜில் 0.15 மி.மீ. வைத்தோம், 0.13 முதல் 0.20 வரை பொதுவாக ஏற்பு. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிவேர் பக்கம் இறங்கினால் பினியன் மிகவும் உள்ளே இருக்கிறது, ஷிம் மெலிய வேண்டும். நுனிக்கு ஏறினால் தடிக்க வேண்டும்.

ஜிஎல்-5, 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றி, லோடு இல்லாமல் 30 கி.மீ. ஓட்டிச் சூடாறவிட்டோம். கரகரப்பு போய்விட்டது. காலை எடுக்கும்போது மட்டும் மெல்லிய முனகல் மிச்சம். ஆட்டத்தோடு நாள்பட ஓடிய பல் அந்தத் தேய்மானத்தை மறக்காது. முழுக்கப் போக க்ரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். லோடு வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது எங்கள் கணக்கு. சத்தத்தை மறைக்க ஆயிலில் மரத்தூள் போடும் வேலை வண்டியை விற்கிறவர்களுக்கானது.

கடைசியாகக் காற்றுத் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் டியூப் மாட்டி, சேறு எட்டாத உயரத்தில் சேசிஸோடு கட்டிவிட்டோம்.