வினைக்குள் நுழையும் மூன்றாவது ஆள்

ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைகளில் அர்ச்சி என்றொரு மொழி. பேசுவோர் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரே வினைச்சொல்லிலிருந்து 15,02,839 வடிவங்கள் வரலாம் என்று கணக்குப் போட்டவர் ரஷ்ய மொழியியலாளர் கிப்ரிக். ஏட்டளவில் சரி, அத்தனையையும் எவன் பேசப்போகிறான்?

எனக்கென்னவோ இந்த எண்ணிக்கை ஜம்பத்தைவிட, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் பாஸ்க் மொழி செய்யும் வேலைதான் பிடிக்கிறது. 'எதோரி நைஸ்' என்றால் நான் வந்திருக்கிறேன். இதையே நெருங்கிய நண்பனிடம் சொன்னால் 'எதோரி நௌக்', தோழியிடம் 'எதோரி நௌன்'. வந்தது நான். கேட்கிறவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. ஆனாலும் அவர் ஆணா பெண்ணா என்பது நைசாக வினைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது!

வாயைப் பிளக்குமுன் 'வந்துட்டேன்டா', 'வந்துட்டேன்டி', 'வந்துட்டேங்க' என்று சொல்லிப் பாருங்கள். நாமும் அதே கூட்டம்தான். என்ன, நாம் அதைப் பேச்சுவழக்கு என்று ஓரங்கட்டிவிட்டோம், அவர்கள் வினை வாய்பாட்டிலேயே ஏற்றிவிட்டார்கள்.

இன்னொரு பொருத்தம்: பாஸ்க்கில் இந்த வடிவம் துணை வாக்கியத்துக்குள் வராது. இங்கேயும் 'நான் வந்தபோது மழை பெய்ததுடா' சரி. 'நான் வந்தடாபோது' என்று யாராவது சொல்வோமா?