மாண்டேகு எந்த ஊர்க்காரர்?

குரூப் டூ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாண்டேகு என்றால் ஒரு பெயர், ஒரு வருஷம், அவ்வளவுதான். 1919 மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம், மாகாணங்களில் இரட்டை ஆட்சி, 1920 தேர்தல், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவேன், பாடத்திட்டம் அதற்கு மேல் கேட்பதில்லை. ஆனால் 1920 ஜூலை 8 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் இந்த மனிதருக்கு நடந்ததைப் படித்த பிறகு, இன்றைக்கு வாட்ஸப்பில் ஓடுகிற சண்டை எதுவும் எனக்குப் புதுசாகத் தெரியவில்லை.

எட்வின் மாண்டேகு ஒரு யூதர். லண்டனில் பிறந்தவர், அப்பா பெரிய வங்கிக்காரர், பிரபு பட்டம் வாங்கியவர். மகன் லிபரல் கட்சி எம்.பி. ஆகி, 1917இல் இந்தியா விவகார மந்திரியானார். ஜாலியன்வாலாபாக்கில் சுட்டுத் தள்ளிய டயரை, அதை விசாரித்த ஹண்டர் கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு, இனி ராணுவத்தில் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய மந்திரி மாண்டேகு. அன்றைய அரசு பிரதமர் லாயிட் ஜார்ஜின் கூட்டணி அரசு, அதற்கு முட்டுக்கொடுத்து நின்ற எம்.பி.க்களில் பெரும்பான்மையோர் கன்சர்வேடிவ்கள், அவர்களுக்கோ டயர் ஒரு வீரன். ஆக மாண்டேகுவைக் கடித்துக் குதறியவர்கள் அவருடைய சொந்த அரசின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அவர் எழுந்து, இந்தியாவைப் பயமுறுத்தியும் இன ரீதியாக அவமானப்படுத்தியும் வைத்திருக்கப் போகிறீர்களா, அல்லது அந்த மக்களுடைய நல்லெண்ணத்தின் மேல் ஆளப் போகிறீர்களா என்று நேராகக் கேட்டார். சபை கொந்தளித்தது.

கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது என்பதுதான் விஷயம். அன்று சபையில் இருந்த சதர்லாண்ட் என்பவர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், மாண்டேகு கோபத்தில் பேசப் பேச அவருடைய குரலிலும் கையசைவிலும் யூதத்தனம் தூக்கலாகத் தெரிந்தது என்றும், சபையில் யூதர்களுக்கு எதிரான உணர்ச்சி பலமாகக் கிளம்பியது என்றும் சொல்கிறார். மந்திரி என்ன சொன்னார், அதில் எது தப்பு, அதெல்லாம் இரண்டாம்பட்சம். கை எப்படி ஆடியது என்பது முதலில்! ஆஸ்டின் சேம்பர்லின் அதே அமைச்சரவையில் நிதி மந்திரி, மாண்டேகுவின் சக மந்திரி. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு யூதன் ஒரு ஆங்கிலேயன் மேல் பாய்ந்து அவனை ஓநாய்களிடம் தூக்கிப் போடுகிறான் என்பதுதான் சபையின் உணர்வாக இருந்தது என்கிறார். அதற்கு மேலும் ஒரு படி போய், யூதன் விசுவாசமானவனாக இருக்கலாம், தேசப்பற்று மிக்கவனாகக் கூட இருக்கலாம், ஆனாலும் அவன் முழுக்க முழுக்க ஆங்கிலேயன் ஆகவே மாட்டான் என்று எழுதுகிறார். எதிரி எழுதியதாக இருந்தால் விட்டுவிடலாம். கூட உட்கார்ந்து ஃபைல் பார்த்தவர் எழுதியது.

ஓட்டெடுப்பில் 230க்கு 129 என்று அரசுதான் ஜெயித்தது, அதுவும் சர்ச்சில் எழுந்து பேசி நிலைமையைச் சமாளித்ததால். வெளியே ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகை டயருக்காக நிதி திரட்டி 26,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. அதே பத்திரிகை அதே ஜூலை மாதம், உலகத்தில் நடக்கும் கலகத்துக்கெல்லாம் யூதர்களின் ரகசியச் சதிதான் காரணம் என்று ஒரு தொடரும் வெளியிட்டது. அதற்கு ஆதாரம் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம். அடுத்த வருஷமே லண்டன் ‘டைம்ஸ்’ அதைப் போலி என்று வரிக்கு வரி காட்டிவிட்டது. நூறு வருஷம் கழித்தும் அது யூடியூபில் தமிழ்க் குரலில் உயிரோடு இருக்கிறது, சோகமான பின்னணி இசையோடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1917 ஆகஸ்டில், இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று மாண்டேகு அறிவித்த அதே மாதத்தில், தன் சக மந்திரிகளுக்கு அவர் ஒரு குறிப்பும் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் என்ற யோசனை அப்போது அமைச்சரவையில் இருந்தது, அதை அவர் கடுமையாக எதிர்த்தார். அமைச்சரவையில் இருந்த ஒரே யூதரே அதை எதிர்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் எளிமையானது. யூதர்களுக்கு என்று ஒரு நாட்டைக் காட்டிவிட்டால், மற்ற எல்லா நாட்டிலும் யூதனைப் பார்த்து ‘உன் ஊர் அங்கே இருக்கிறதே, இங்கே என்ன வேலை’ என்று கேட்பார்கள் என்று அவர் பயந்தார். நவம்பரில் வந்த பால்ஃபர் பிரகடனத்தின் கடைசியில், மற்ற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமைக்கும் அரசியல் தகுதிக்கும் இதனால் பங்கம் வராது என்று ஒரு வாசகம் சேர்ந்தது, இவரைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தால்தான். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, யூத நாட்டையே எதிர்த்த அந்த மனிதரைத்தான் சபையில் அந்நியன் மாதிரி நடத்தினார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் போனதற்குக் காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப். காஸாவில் போர் தொடங்கியதிலிருந்து அதில் இரண்டு கட்சி. ஒரு பக்கம் சித்தப்பா மகன், அண்ணா நகரில் செல்போன் கடை வைத்திருக்கிறான், நல்ல பையன், ரத்ததானத்துக்கு முதலில் ஓடுகிறவன். அவன் ஒருநாள் ஹிட்லர் படம் போட்டு, ‘கொஞ்சம் யூதர்களை விட்டுவைத்தேன், நான் ஏன் மற்றவர்களைக் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளட்டும்’ என்று ஒரு வசனத்தை அனுப்பினான். ஹிட்லர் அப்படிப் பேசியதாகவோ எழுதியதாகவோ எங்கும் பதிவில்லை, இணையத்தில் எவனோ எழுதிவிட்டது. அதற்கு நாற்பது கட்டைவிரல். எதிர்ப் பக்கத்தில் ஒரு மாமா, ஓய்வு பெற்றவர், காஸாவில் செத்த குழந்தைகளைப் பற்றி யாராவது ஒரு வரி போட்டால் உடனே ‘அங்கேயே போயேன்’ என்று ஆரம்பிப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள், ஆனால் இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: நீ உண்மையில் யாருடைய ஆள்?

சித்தப்பா மகன் எழுதினான், யூதன் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுக்கு உண்மையாக இருக்க மாட்டானாம். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்த படத்தை அவனே சுதந்திர தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைப்பான். அந்தச் சரணாகதியைப் பேசி முடித்த நம் ராணுவ மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் கல்கத்தாவில் பிறந்த யூதர் என்று சொன்னேன். “அவர் வேறண்ணே” என்றான். எல்லோரிடமும் இப்படி ஒரு ‘அவர் வேற’ இருக்கிறது.

அமெரிக்காவில் 2019இல் நடந்ததைப் பார்த்தால் இந்த விளையாட்டை இரண்டு கட்சியும் ஆடுவது நன்றாகத் தெரியும். பிப்ரவரி கடைசியில் ஜனநாயகக் கட்சி எம்.பி. இல்ஹான் ஓமர், ஒரு வெளிநாட்டுக்கு விசுவாசமாக இருக்கச் சொல்லித் தள்ளுகிற அரசியல் செல்வாக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். யூதர் என்ற சொல்லை அவர் அந்த வாக்கியத்தில் சொல்லவில்லை, இஸ்ரேல் கொள்கையைத்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். இருந்தாலும் ‘வெளிநாட்டு விசுவாசம்’ என்பது யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் புண்பட்ட வார்த்தை, அதை எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மார்ச் 7 அன்று கீழ்சபை, யூத வெறுப்பையும் முஸ்லிம் வெறுப்பையும் சேர்த்துக் கண்டித்து 407க்கு 23 என்று தீர்மானம் போட்டது. குடியரசுக் கட்சிக்காரர்கள் ஓமரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். சரி. ஏப்ரலில் டிரம்ப் தன் கட்சியைச் சேர்ந்த யூதர்கள் கூட்டத்தில் பேசும்போது நெதன்யாகுவை ‘உங்கள் பிரதமர்’ என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்! ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற யூதர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை பெரிய விசுவாசம் கெட்டவர் என்றார். ஓமரைக் கடித்தவர்களில் பலருக்கு இப்போது பல் வலி வந்துவிட்டது. நடுவில் ஜூலையில், ஓமர் உட்பட நான்கு பெண் எம்.பி.க்களை, வந்த நாட்டுக்கே திரும்பிப் போகச் சொல்லி டிரம்ப் ட்வீட் போட்டார். அந்த நால்வரில் மூன்று பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்.

‘உங்கள் பிரதமர்’ என்பது திட்டு மாதிரியே இருக்காது. பாராட்டுகிற தொனி, கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் உன் வீடு வேறு எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அதற்குள்ளேயும் பத்திரமாக இருக்கிறது, அதனால் எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். அமெரிக்காவில் இஸ்ரேலுக்காக உரக்கக் குரல் கொடுக்கிறவர்களில் பெரிய கூட்டம் எவாஞ்சலிகல் கிறிஸ்தவர்கள். டெக்ஸாஸ் பாஸ்டரைப் பார்த்து, நீ அமெரிக்காவுக்கு விசுவாசமா இஸ்ரேலுக்கு விசுவாசமா என்று யார் கேட்கிறார்கள்? ஒரே கருத்து, ஒருவர் சொன்னால் கொள்கை, இன்னொருவர் சொன்னால் ரத்தம்.

நிரூபித்துக் காட்டினால் தீருமா என்றால் அதுவும் தீராது. முதல் உலகப் போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார்கள், சுமார் 12,000 பேர் செத்தார்கள். நடுவில் 1916 அக்டோபரில், யூதர்கள் முன்களத்துக்குப் போகாமல் நழுவுகிறார்கள் என்ற புகாரை வைத்து ராணுவம் அவர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தது. முடிவைப் போர் முடியும் வரை வெளியிடவேயில்லை. எனக்கு மஹபூப்பாளையத்தில் ஒரு நண்பர் உண்டு, இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் என்றால் தெருவிலேயே பெரிய சத்தம் அவருடையதுதான். ‘நான் சும்மா உட்கார்ந்து பார்த்தால்கூட அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பானுங்க’ என்பார் சிரித்துக்கொண்டே. இந்தியா தோற்றுப்போன ராத்திரி, தூக்கம் வந்தாலும் வாட்ஸப்பில் இரண்டு சோக ஸ்மைலி போட்டுவிட்டுத்தான் படுப்பாராம்.

தமிழர்களுக்கு இது தெரியாத கதையும் இல்லை. மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமிருந்து சிலோன் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் 1947 தேர்தலில் தங்கள் கட்சியான சிலோன் இந்திய காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் ஓட்டுப் போட்டார்கள். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது, இவர்களுடைய மனசு இந்தியாவில் இருக்கிறது என்றார்கள், ஓட்டும் போயிற்று. கள்ளத்தோணி என்று பட்டம் வேறு. விசுவாசத்தைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் தொகுதிக் கணக்கு இருந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் சிலோனுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனையூர் முகாமிலிருந்து ஒரு பெண் சில மாதம் எங்கள் வகுப்புக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துத் தமிழர்கள், கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள், இவள் பிறந்தது மதுரையில். நடப்பு நிகழ்வுகளில் அவளை யாரும் அடிக்க முடியாது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தபோது, குடியுரிமை என்ற கட்டத்தில் அவள் போடுவதற்கு எதுவும் இல்லை. அவள் பாட்டனை அங்கே இந்தியக்காரன் என்றார்கள், இவளை இங்கே சிலோன்காரி என்கிறார்கள். இப்போது வில்லாபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

சித்தப்பா மகனிடம் இதெல்லாம் சொன்னபோது அவன் விடவில்லை. “அப்ப இஸ்ரேல் லாபியைப் பத்தி வாயே திறக்கக் கூடாதாண்ணே?” நியாயமான கேள்வி. தாராளமாகத் திற என்றேன். 2024இல் நியூயார்க்கில் ஜமால் போமன் என்ற எம்.பி.யைக் கட்சிக்குள் நடக்கிற தேர்தலிலேயே தோற்கடிக்க, அய்பாக் என்ற இஸ்ரேல் ஆதரவு அமைப்பைச் சேர்ந்த தேர்தல் நிதிக்குழு 1.4 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அதை எழுது, எந்த விளம்பரம், எந்த மசோதா, யார் ஓட்டு மாறியது என்று எழுது, அதற்கு யாருடைய அப்பா எந்த மதம் என்று தேட வேண்டியதில்லை. ஜொனாதன் பொல்லார்டு என்ற அமெரிக்க யூதர் இஸ்ரேலுக்கு ரகசியம் விற்று 1985இல் மாட்டி, ஆயுள் தண்டனை வாங்கி, 2015இல்தான் வெளியே வந்தான், அதையும் எழுது, அவன் செய்ததை அவன் கணக்கில் எழுது. 2023 அக்டோபரில் வாஷிங்டனில் நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து காஸாவில் போரை நிறுத்து என்று கத்திக் கைதான சுமார் 300 பேரில் பெரும்பாலோர் யூதர்கள், அதையும் சேர்த்துக்கொள். அவர்களை இனத்துரோகி என்று திட்டியவர்களும் யூதர்கள்தான், ஆக அந்தப் பக்கமும் அதே கேள்வி ஓடுகிறது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இதையெல்லாம் மீமா போட முடியாதேண்ணே” என்றான். அது என்னவோ உண்மைதான்.